பால்கனிக் கதவை முதலில் திறக்கும் தரகர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் சொத்து இணைப்பில் பூங்காவுக்கு எதிரே வீடு வாங்குவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சதுர அடிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அந்தப் பணம் எங்கேயும் போய்விடாது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பணம் போனது. போய், பன்னிரண்டு வருடம் கழித்துப் பாதி திரும்பி வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2008இல் ஷெனாய் நகரில் வீடு தேடினோம். இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. தரகர் சாவியைப் போட்டுத் திறந்ததும் ஹாலைக் காட்டவில்லை, சமையலறையைக் காட்டவில்லை. நேராகப் போய் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டார். எதிரே திரு.வி.க. பூங்கா. எட்டு ஏக்கருக்கு மேல், கண்ணுக்கு எட்டியவரை மரம். “ஊட்டி மேடம்” என்றார். மே மாதம், மதியம் மூன்று மணி. பொய் சொல்லக் கூடாது, காற்று வந்தது.

அதே மாடியில் பின்பக்கம் இன்னொரு வீடும் விலைக்கு இருந்தது. அதே 840 சதுர அடி, அதே இரண்டு படுக்கையறை. ஆனால் பால்கனிக்கு எதிரே பக்கத்து மனையின் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். விலை மூன்று லட்சம் குறைவு. என் கணவர் கணக்குப் பார்க்கிற ஆள். “ரோட்டைத் தாண்டினால் பூங்கா. பின்பக்கம் வாங்கினால் நம்மை உள்ளே விட மாட்டார்களா?” என்று கேட்டார். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அந்த மூன்று லட்சம், பதினைந்து வருடக் கடனில் வட்டியோடு சேர்ந்து கிட்டத்தட்ட ஆறு லட்சம் ஆனது. பின்பக்க வீட்டை இரண்டு மாதம் கழித்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வாங்கினார். இப்போது எனக்கு அக்கா மாதிரி.

முதல் மூன்று வருடம் நன்றாகத்தான் போனது. காலையில் குயில், மாலையில் குழந்தைகள் சத்தம். கூடவே உங்கள் கட்டுரையில் இல்லாத சில விஷயங்களும் இருந்தன. ஐந்தே முக்காலுக்குச் சிரிப்பு மன்றத்துக்காரர்கள் வட்டமாக நின்று சிரிக்கத் தொடங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை தூக்கம் அத்தோடு சரி. வாசலில் அருகம்புல் சாறு வண்டி. நடக்க வருகிறவர்களில் பாதிப் பேர் காரில் வருவார்கள். நான்கு சுற்று நடக்க நான்கு தெரு தாண்டிக் காரில் வந்து, அதை எங்கள் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, நாம் கேட்டால் “பத்து நிமிஷம்மா” என்பார்கள். மாமனாரை ஒருமுறை அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அன்றைக்கு அந்தப் பத்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது.

2011இல் மெட்ரோ ரயில் பணிக்காகப் பூங்காவை மூடினார்கள். மரங்கள் போயின. சுரங்க நிலையம் அங்கேதான் வந்தது. 2017 மே 14ஆம் தேதி திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை சுரங்கப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. பூங்கா மறுபடி திறந்தது 2023இல். நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. நகரத்துக்கு ரயில் வேண்டும். அந்த ரயிலில்தான் நானே சென்ட்ரலுக்குப் போய் வருகிறேன். சாலையில் முக்கால் மணி நேரம் ஆன காலமும் எனக்கு நினைவிருக்கிறது. நான் சொல்ல வருவது வேறு. நாங்கள் வீடு வாங்கியபோதே மெட்ரோ பேச்சு பேப்பரில் அடிபட்டுக்கொண்டிருந்தது. 2009 ஜனவரியில் மத்திய அரசின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. அந்தப் பாதை எந்தத் தெருவுக்குக் கீழே போகிறது என்று பார்க்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. தரகர் திறந்த கதவு வழியாக மரத்தைப் பார்த்தோம், அவ்வளவுதான்.

பூங்கா மூடியிருந்த ஒருநாள் ஏதோ வேலைக்காக பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்தேன். சொத்து விவரத்தில் செக்குபந்தி போட்டிருப்பார்களே, வடக்கே இன்னது, தெற்கே இன்னது என்று. எங்கள் பத்திரத்தில் கிழக்கே ‘சாலை’ என்று இருந்தது. பூங்கா என்ற சொல்லே பத்திரம் முழுக்க ஓர் இடத்திலும் இல்லை. எப்படி இருக்கும்? விற்றவருக்கு அது சொந்தமா என்ன? ஆறு லட்சம் கொடுத்து நாங்கள் வாங்கிய பொருள் பத்திரத்திலேயே கிடையாது. அன்றைக்கு என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கு நன்றி.

பின்பக்க அக்காவுக்கு அந்த வருடங்கள் நிம்மதியாகப் போயின. நாங்கள் தகரத் தடுப்பைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தோம். அவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு குடித்தார். சாயங்காலம் நானும் டம்ளரோடு அங்கேதான் போவேன். அந்த வேப்பமரமும் 2016 டிசம்பர் 12, வர்தா புயலில் மதில் மேலேயே சாய்ந்தது. மறுநாள் காலை அக்கா பால்கனியில் நின்று, “இப்போ ரெண்டு வீடும் ஒரே விலை” என்றார்.

சரி, இப்போது பூங்கா திறந்திருக்கிறது. நடைபாதை நன்றாக இருக்கிறது, குழந்தைகள் ஆட இடம் இருக்கிறது, சாயங்காலம் கூட்டம் அலைமோதுகிறது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பகல் பதினொரு மணிக்கு வந்து பாருங்கள், உட்கார நிழல் தேட வேண்டும். பழைய மரங்கள் கொடுத்த நிழலைப் புதுக் கன்றுகள் கொடுக்க இன்னும் இருபது வருடம் ஆகும். அடியில் கான்கிரீட் கூரை இருக்கிற பக்கம் அந்தக் கன்று எவ்வளவு தூரம் வேர் விடும் என்பதும் ஒரு கேள்வி. பூங்கா வேறு, நிழல் வேறு என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. பக்கத்து அண்ணா நகரைப் பாருங்கள். 1968 பொருட்காட்சிக்காகக் கட்டிய கோபுரத்தில் ஏற விடாமல் அங்கேயும் 2011இல்தான் பூட்டினார்கள், 2023இல்தான் திறந்தார்கள். ஆனால் கீழே பூங்கா இருந்தது, மரம் இருந்தது. கோபுரம் இல்லாமல் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பழைய நகரில் மாநகராட்சிப் பூங்கா என்றால் பார்க்க வேண்டியது ஒன்று. புறநகரில் புது மனைப்பிரிவு என்றால் வேறு. உங்கள் கட்டுரை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டது.

என் தம்பி மகன் போன வருடம் மேடவாக்கம் தாண்டி ஒரு மனை பார்த்தான். வண்ணப் புத்தகத்தில் நடுவில் பச்சையாக ஒரு கட்டம், ‘பார்க்’ என்று எழுதியிருந்தது. அந்தப் பச்சையை ஒட்டிய மனைகளுக்கு மட்டும் விலை அதிகம். என்னையும் கூட்டிக்கொண்டு போனான். பச்சைக் கட்டத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர், சிமெண்ட் மூட்டை அடுக்கிய தகரக் கொட்டகை, மூலையில் புதிதாக ஒரு பிள்ளையார். ஒரு செடி இல்லை. விசாரித்தபோது, “அதெல்லாம் கொடுத்தாச்சு சார்” என்றார்கள். எதை, யாருக்கு என்று கேட்டால் பதில் இல்லை.

இதற்குச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தை மனைகளாகப் பிரித்தால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் இலவசமாக எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால், இடம் கொடுக்க முடியாதபோது அதற்கு ஈடாகப் பணம் கட்டலாம். அப்படிப் பணம் கட்டிய மனைப்பிரிவில் பூங்காவே இருக்காது! ஆகவே மனை வாங்குகிறவர் கேட்க வேண்டியது ‘பார்க் எங்கே’ என்று அல்ல, ‘தானப் பத்திரத்தின் எண் என்ன, எந்தத் தேதி’ என்று. அது கையில் இருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கம், அதாவது அந்த இடத்தின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று பார்க்கலாம், காசு கிடையாது. என் தம்பி மகன் பார்த்தான். அப்படி எதுவும் பதிவாகியிருக்கவில்லை. முன்பணத்தைத் திரும்ப வாங்க நான்கு மாதம் நடந்தான், அது தனிக் கதை.

ஒருமுறை பூங்கா என்று ஒதுக்கிவிட்டால் அப்புறம் அதை வேறு எதற்கும் தர முடியுமா? பெங்களூரு சதாசிவநகரில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தை ஒரு தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. மனை வாங்கியவர்கள் மட்டுமல்ல, அந்தப் பகுதியில் வசிக்கிற எல்லோருக்கும் பூங்காவின் மேல் உரிமை உண்டு என்பது அதன் சாரம். ஆக, பூங்காவுக்காகக் கூடுதல் விலை கொடுத்தவருக்கு எவ்வளவு உரிமையோ அதே உரிமைதான் மூன்று தெரு தள்ளி வாடகைக்கு இருப்பவருக்கும். என் கணவர் 2008இல் சொன்னதும் அதுதான், வழக்கறிஞர் கட்டணம் இல்லாமல்.

வாசகர்களுக்கு நான் சொல்வது, பூங்காவுக்குப் பத்து நிமிட நடையில் வீடு பாருங்கள். நேர் எதிரே வேண்டாம். பிடிவாதமாக எதிரேதான் வேண்டும் என்றால், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் இரண்டாவது முழுமைத் திட்ட வரைபடத்தில் அந்த இடத்துக்கு என்ன உபயோகம் குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பக்கத்தில் மெட்ரோ பாதை வருகிறதா என்று பாருங்கள். தியாகராய நகரில் இரண்டாம் கட்டப் பணிக்குப் பனகல் பூங்காவிலும் ஒரு பகுதியை எடுத்திருக்கிறார்கள். எதிரே பால்கனி வைத்து வீடு வாங்கியவர்கள் அங்கேயும் இருப்பார்கள். இந்த விவரங்களை உங்கள் இணைப்பிலேயே ஒரு கட்டம் கட்டிப் போடலாமே. போன ஞாயிறு கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் ‘பார்க் ஃபேஸிங்’ என்று முழுப்பக்க விளம்பரம் இருந்ததால் இடம் இல்லாமல் போயிருக்கலாம், புரிகிறது.

எங்களுக்கு மேல்மாடியில் இருக்கிற வீடு இப்போது விலைக்கு வந்திருக்கிறது. இரண்டு வாரம் முன்பு ஓர் இளம் தம்பதியைத் தரகர் கூட்டி வந்தார். வேறு தரகர்தான், ஆனாலும் முதலில் திறந்தது பால்கனிக் கதவை. படியிறங்கும்போது அந்தப் பெண் என்னிடம், “எப்படி ஆன்ட்டி, இங்கே நல்லா இருக்குமா?” என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் தரகர் இல்லாமல் ஒருமுறை வந்து பாருங்கள் என்றேன். வந்தார்கள். வண்டி நிறுத்த இடம் தேடி இரண்டு சுற்றுச் சுற்றியதை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது சுற்றில் எங்கள் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுப் பூங்காவுக்குள் போனார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஷெனாய் நகர், சென்னை-30.