துறைமுக வாசலிலிருந்து நடந்தே பார்க்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சொகுசுக் கப்பல் பயணங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சென்னையில் ஒரு பகல் மட்டும் நிற்கும் கப்பலின் பயணிகளுக்கு மாமல்லபுரத்தை விட்டால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்வியோடு அது முடிந்திருந்தது. துறைமுகத்தின் சங்கொலி கேட்டு வளர்ந்தவள் நான். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது.

மகள் குடும்பத்தோடு தென் அமெரிக்கக் கரையோரம் கப்பலில் சென்றபோது, ஃபாக்லாந்து தீவுகளின் தலைநகரமான ஸ்டான்லியில் ஒரு பகல் இறங்கினோம். தென் அட்லாண்டிக்கின் கோடியில், மரமே அரிதான புல்வெளித் தீவுகள் அவை. எல்லாத் தீவுகளையும் சேர்த்தாலும் மக்கள்தொகை நாலாயிரத்தை எட்டாது. பெரிய கப்பல் வெளியே நங்கூரம் பாய்ச்சி நின்றுகொள்ள, சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். காற்று மிஞ்சிவிட்டால் அதுவும் கிடையாது. ஊரைத் தூரத்தில் பார்த்துக்கொண்டே கப்பல் போய்விடும்.

அப்படிப்பட்ட ஊர் வந்தவர்களை எப்படி வரவேற்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். படகுத்துறையிலேயே ஒரு தகவல் நிலையம் இருக்கிறது. அங்கிருந்த பெண்மணி ஒற்றைத் தாளில் அச்சிட்ட ஊர்ப் படத்தை என் முன் விரித்து, நாங்கள் நின்ற இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டார். கடைசிப் படகின் நேரத்தை அதன் மூலையில் எழுதினார். என் முழங்காலைப் பார்த்துவிட்டு, மேட்டுத் தெருக்களை விட்டுக் கடலோரச் சாலையிலேயே நடக்கச் சொன்னார். அந்தச் சாலையிலேயே பெரும்பாலான காட்சிகள் வந்துவிடுகின்றன. 1892-இல் திருநிலைப்படுத்தப்பட்ட தேவாலயம், அதன் பக்கத்தில் இரண்டு நீலத் திமிங்கிலங்களின் தாடை எலும்புகளால் 1933-இல் எழுப்பிய வளைவு, அருங்காட்சியகம், பிரிட்டனின் ஆளுகையிலுள்ள இந்தத் தீவுகளுக்காக அர்ஜென்டினாவோடு நடந்த 1982 போரின் நினைவுச்சின்னம். அந்தத் தீவுகளுக்கு அர்ஜென்டினா இன்றும் உரிமை கோருகிறது. போரில் புதைத்த கண்ணிவெடிகளை அகற்றி முடிக்க 2020 வரை ஆயிற்று. இவற்றில் எதையும் அவர்கள் மறைக்கவில்லை.

சில கிலோமீட்டர் தள்ளி ஜிப்சி கோவ் என்ற சிறு விரிகுடாவில் மெகல்லன் பென்குயின்கள் மண்ணில் வளை தோண்டி வாழ்கின்றன. ஆறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. ஒரு பென்குயின் வளை வாசலில் நின்று தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து எங்களைப் பார்த்தது. பேரன் அசையவே இல்லை.

ஆனால் என்னை உலுக்கியது வேறொன்று. ஆளுநர் மாளிகையைத் தாண்டி மேற்கே நடந்தால் கடலைப் பார்த்தபடி, முதல் உலகப் போரில் 1914-இல் நடந்த கடற்போரின் நினைவுத்தூண் நிற்கிறது. ஜெர்மானியக் கடற்படைத் தளபதி வான் ஸ்பேயின் கப்பல்கள் அந்த ஆண்டு டிசம்பர் 8 காலையில் ஸ்டான்லியைத் தாக்க வந்தன. முந்தின நாள்தான் வந்து சேர்ந்திருந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டிருந்தன. அன்றே ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் நான்கு மூழ்கின. ஸ்பேயும் அவருடைய இரண்டு மகன்களும் மாண்டார்கள். டிசம்பர் 8 அந்தத் தீவுகளில் இன்றும் அரசு விடுமுறை.

அதே ஸ்பேயின் படைப்பிரிவைச் சேர்ந்ததுதான் எம்டன். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே பசிபிக்கின் பகான் தீவருகே தனியே பிரிந்து இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்த அந்தக் கப்பல், செப்டம்பர் 22 இரவு நம் சென்னை மீது குண்டு வீசி, துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அப்போது சிறுமியாக இருந்த என் பாட்டி, வானம் சிவந்ததையும், மறுநாள் மாட்டு வண்டியில் செங்குன்றம் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனதையும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். உலகத்தின் அந்தக் கோடியில் நின்று, எங்கள் ராயபுரத்துக் கதையின் மறுபாதியை நான் படித்தேன். ஸ்டான்லிக்காரர்கள் தங்கள் பாதியை வருகிறவர்கள் எல்லோருக்கும் எடுத்துச் சொல்கிறார்கள். நம் பாதி எங்கே இருக்கிறது? உயர் நீதிமன்ற மதிலில், ஒரு சிறு கல்வெட்டாக. தினமும் அதைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் நின்று படிக்கிறார்கள்?

கட்டுரையாளரின் கேள்விக்கு இனி விடை சொல்கிறேன். துறைமுக வாசலைத் தாண்டினால் ராஜாஜி சாலை. தெற்கே திரும்பினால் புனித ஜார்ஜ் கோட்டை, அதற்குள் 1680-இல் கட்டி முடித்த புனித மேரி தேவாலயம், அருங்காட்சியகம். கோட்டைக்கு வடக்கே 1892-இல் திறந்த உயர் நீதிமன்றக் கட்டடம். அதன் கோபுர உச்சியில் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. அதற்கும் முந்தைய 1844-ஆம் ஆண்டு விளக்கத்தூண் அதே வளாகத்தில் நிற்கிறது. நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறம் போனால் அரண்மனைக்காரத் தெருவில் ஆர்மீனியர்களின் தேவாலயம், தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து திரும்பிய தமிழர்கள் கடை போட்டுப் பிழைத்த பர்மா பஜார் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. அந்திக் கடைகளில் அவர்கள் பிசைந்து தரும் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸை வெளிநாட்டுப் பயணிகள் ஒரு வாய் சாப்பிட்டால், இந்தக் கடல் யார் யாரைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது என்பது தானே புரியும். வடக்கே கொஞ்சம் போனால் 1856-இல் திறந்த எங்கள் ராயபுரம் ரயில் நிலையம். இத்தனையும் இருக்க, பயணிகளைக் குளிர்சாதனப் பேருந்தில் ஏற்றி இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கும் ஊருக்குக் கொண்டுபோய்த் திருப்புகிறோம். மாமல்லபுரம் உலகமே பார்க்க வேண்டிய இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் முழங்கால் வலியோடு வருகிற என் வயதுக்காரர்கள் கப்பலில் நிறைய. அவர்கள் பகலில் பாதியைப் பேருந்திலேயே கழிக்கிறார்கள்.

கண்டெய்னர் லாரிகளும் உடைந்த நடைபாதையும் உள்ள சாலையில் வெளியூர்க்காரர்களை எப்படி நடக்கவிடுவது என்று கேட்பார்கள். நியாயம்தான். அந்த நடைபாதையில் நாங்களும்தான் தினமும் நடக்கிறோம். கப்பல் பயணிகளின் பெயரைச் சொல்லியாவது அதைச் சீராக்கி, இரண்டு இடங்களில் பாதுகாப்பாகச் சாலையைக் கடக்க வழி செய்தால் எங்களுக்கும் நன்மை. ஸ்டான்லியில் தந்ததைப் போல ஒற்றைத் தாளில் ஒரு படம், கப்பல் வரும் நாளில் வாசலில் ஒரு மேசை, எம்டன் கல்வெட்டின் அருகே அதன் கதையைச் சொல்லும் பலகை: இதற்குக் கோடிகள் தேவையில்லை. துறைமுகத்தாரும் மாநகராட்சியும் சுற்றுலாத் துறையும் ஒரு முறை கூடிப் பேசினால் போதும்.

வடசென்னைக் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்கள் வழிகாட்டிகளாக முன்வருவார்கள் என்று நம்புகிறேன். ராயபுரம் ரயில் நிலையத்தில் நின்று அதன் கதையைச் சொல்ல ஆள் வேண்டுமென்றால், கப்பல் வரும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால் நான் வருகிறேன்.

க. சிவகாமி,
ராயபுரம், சென்னை – 13