எங்கள் ஊர் எந்தப் பட்டியலில்? நகரங்களின் மக்கள்தொகைத் தரவரிசை குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவரும், வார இறுதித் தமிழ் வகுப்புப் பெற்றோர்களும்,
சாட்ஸ்வொர்த், டர்பன்,
குவாசூலு-நடால்.

பெறுநர்:
தலைமைப் புள்ளியியலாளர் அவர்கள்,
தென்னாப்பிரிக்கப் புள்ளியியல் துறை (ஸ்டாட்ஸ் எஸ்.ஏ.),
பிரிட்டோரியா.

பொருள்: நகரங்களை மக்கள்தொகைப்படி வரிசைப்படுத்தும்போது எந்த எல்லையில் எண்ணப்பட்டது என்பதைச் சேர்த்து வெளியிடவும், நகராட்சி, தொடர் குடியிருப்புப் பரப்பு, ஊர் ஆகிய மூன்று அடிப்படையிலும் பட்டியல் தரவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய தலைமைப் புள்ளியியலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நம் அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, இந்நாட்டுச் சமூகங்கள் பேசும் மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த உரிமையோடு இந்த மனுவைத் தமிழில் எழுதியிருக்கிறோம். தங்கள் அலுவலகத்தின் வசதிக்காக ஆங்கிலப் பிரதியும் இணைத்திருக்கிறோம்.

நாட்டின் பெரிய நகரம் எது என்று கேட்டால், ஒரே ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்தே இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. 2011 கணக்கெடுப்பை மெட்ரோ நகராட்சி வாரியாகப் பார்த்தால் முதலிடம் ஜோகன்னஸ்பர்க்குக்கு: 4,434,827 பேர். அதே கணக்கெடுப்பைத் தங்கள் துறை ‘மெயின் பிளேஸ்’ என்று வகுத்திருக்கும் ஊர் வாரியாகப் பார்த்தால் முதலிடம் சொவேட்டோவுக்கு: 1,271,628 பேர். ஜோகன்னஸ்பர்க் 957,441 பேருடன் அதற்கு அடுத்த இடத்தில் நிற்கிறது. சொவேட்டோ ஜோகன்னஸ்பர்க்கைச் சேர்ந்தது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் இரண்டு பட்டியல்களும் ‘தென்னாப்பிரிக்காவின் பெரிய நகரங்கள்’ என்ற ஒரே தலைப்பில் உலவுகின்றன. எந்தக் கோட்டுக்குள் எண்ணினார்கள் என்ற ஒரு வரி விளக்கம் பல இடங்களில் இல்லை.

டர்பனின் நிலை இதைவிடக் குழப்பம். 2011இல் டர்பன் என்ற ஊர் 595,061 பேர். டர்பனையும் சுற்றுப்பகுதிகளையும் சேர்த்த எதெக்வினி மெட்ரோ நகராட்சி 3,442,361 பேர். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஆறு மடங்கு வித்தியாசம். ஒருவர் முதல் எண்ணை எடுத்துக்கொண்டு டர்பன் நடுத்தர நகரம்தான் என்கிறார். இன்னொருவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டு நாட்டின் மூன்றாவது பெரிய நகரம் என்கிறார். இருவரும் தங்கள் துறையின் எண்ணைத்தான் காட்டுகிறார்கள்.

இந்த இரண்டு கணக்கிலும் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி கேட்கிறோம்.

ஊர்ப் பட்டியலில் சாட்ஸ்வொர்த் 196,580, ஃபீனிக்ஸ் 176,989, உம்லாசி 404,811, குவாமாஷு 175,663 என்று தனித்தனியாக நிற்கின்றன. டர்பனுக்கு வெளியே உள்ள ஊர்கள் போல. ஆனால் சாட்ஸ்வொர்த்திலிருந்து டர்பன் நகர மையத்துக்குப் போகும் வழியில் ஊர் எங்கே முடிந்தது, நகரம் எங்கே தொடங்கியது என்று யாரும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. வீடு, கடை, தொழிற்சாலை, மறுபடி வீடு என்று போய்க்கொண்டே இருக்கும். அப்படியானால் இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது? எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று வகுத்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்திலிருந்து வந்தது. டர்பன் மாநகராட்சியில் வேலை செய்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் வாழ்ந்த மேகசின் பாரக்ஸும், கேட்டோ மேனரில் இந்தியர்கள் வாழ்ந்த தெருக்களும் காலி செய்யப்பட்டு, 1960களில் அந்த மக்கள் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டார்கள். 1976 முதல் ஃபீனிக்ஸ் நிரம்பியது. கறுப்பின மக்களை உம்லாசிக்கும் குவாமாஷுவுக்கும் அனுப்பியதும் அதே கொள்கைதான். இனம் பார்த்துப் பிரித்த அந்தக் குடியிருப்புகளின் எல்லைகளே பெரும்பாலும் இன்றைய ஊர் எல்லைகள். இனவொதுக்கல் ஆட்சி முடிந்த 1994க்குப் பிறகும் நகரத் தரவரிசைப் பட்டியலில் அந்தக் கோடு அழியாமல் இருப்பதைப் பார்க்கும்போது எங்கள் மூத்தவர்களுக்கு மனம் வலிக்கிறது.

சரி, மெட்ரோ கணக்கு இதைச் சரி செய்துவிடுகிறதா? இல்லை. அங்கே எங்கள் பெயரே காணாமல் போய்விடுகிறது. எதெக்வினி எல்லைக்குள் சாட்ஸ்வொர்த்தும் உண்டு. பாரம்பரியத் தலைவர்களின் நிர்வாகத்தில் இருக்கும் மலைக் கிராமங்களும் உண்டு, கரும்புத் தோட்டங்களும் உண்டு. எல்லாம் சேர்ந்து ஒரே எண். லெனேசியாத் தமிழர்கள் ஜோகன்னஸ்பர்க்குக்குள்ளும், லாடியம் தமிழர்கள் பிரிட்டோரியாவை உள்ளடக்கிய ட்ஷ்வானேக்குள்ளும், பெனோனியின் ஆக்டன்வில் தமிழர்கள் எகுர்ஹுலேனிக்குள்ளும் இப்படித்தான் கரைந்திருக்கிறார்கள். எகுர்ஹுலேனி என்ற பெயரில் ஒரு நகரம் தரையில் கிடையாது. ஜெர்மிஸ்டன், பெனோனி, பாக்ஸ்பர்க், கெம்ப்டன் பார்க் போன்ற ஊர்களை 2000இல் ஒன்றாக்கி வைத்த நிர்வாகப் பெயர் அது. ட்ஷ்வானேயின் பரப்பு சுமார் 6,300 சதுர கிலோமீட்டர். ஜோகன்னஸ்பர்க்கோ சுமார் 1,645தான். ட்ஷ்வானேயின் வடக்கே யானையும் சிங்கமும் உலவும் டினோகெங் காட்டின் ஒரு பகுதியும் நகராட்சி எல்லைக்குள் வருகிறது. நிர்வாகத்துக்கு அந்த எல்லை சரியாக இருக்கலாம். நகரத்தின் அளவைச் சொல்ல அது மட்டும் போதாது.

எல்லை மாறினாலும் எண் மாறுகிறது. 2011இல் மெட்ஸ்வெடிங் மாவட்டம் ட்ஷ்வானேயோடு சேர்ந்தது. 2016இல் நலேடி நகராட்சி, புளூம்ஃபொன்டெய்ன் நகரை உள்ளடக்கிய மங்காவுங்கோடும், வுலமெஹ்லோவின் ஒரு பகுதி எதெக்வினியோடும் சேர்ந்தன. எதெக்வினி 2022இல் 4,239,901 ஆனது என்று படிக்கும்போது, அதில் பிறப்பாலும் இடம்பெயர்வாலும் கூடியது எவ்வளவு, கோடு நகர்ந்ததால் கூடியது எவ்வளவு என்று சாதாரண வாசகருக்குத் தெரிய வழியில்லை. பழைய ஆண்டின் எண்ணையும் புதிய எல்லைக்குள் திருத்திப் பக்கத்திலேயே கொடுத்தால் இந்தச் சந்தேகம் தீரும்.

2022 கணக்கெடுப்பின் தரவரிசையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜோகன்னஸ்பர்க் 4,803,262, கேப் டவுன் 4,772,846. இடையே 30,416 பேர்தான். நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. எகுர்ஹுலேனிக்கும் ட்ஷ்வானேக்கும் இடையே 26,376 பேர். அந்தக் கணக்கெடுப்பில் சுமார் 31 சதவீதம் பேர் விடுபட்டார்கள் என்பதும், பிறகு நடந்த சரிபார்ப்பு ஆய்வைக் கொண்டு எண்கள் சரிசெய்யப்பட்டன என்பதும் தங்கள் துறையே வெளிப்படையாகச் சொன்ன விஷயம். அந்த நேர்மையை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் இவ்வளவு பெரிய திருத்தத்துக்குப் பிறகு, முப்பதாயிரம் பேர் வித்தியாசத்தை வைத்து முதலிடம், இரண்டாமிடம் என்று அறுதியிட்டுச் சொல்வது சரியாகுமா? எண்ணோடு அதன் பிழை வரம்பையும் அச்சிடுங்கள். வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் இரண்டு நகரங்களுக்கும் சம இடம் கொடுங்கள்.

மற்ற நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். இந்தியாவின் 2011 கணக்கெடுப்பு நகராட்சி எல்லைக்கு ஒரு பட்டியலும், அதை ஒட்டி வளர்ந்த புறநகர்களையும் சேர்த்த நகரத் தொகுதிக்கு ஒரு பட்டியலும் தனித்தனியாக வெளியிட்டது. முதல் பட்டியலில் சென்னைக்கு ஆறாமிடம், சுமார் 4.65 மில்லியன் மக்கள். இரண்டாவதில் சுமார் 8.65 மில்லியன் மக்களோடு நான்காமிடம். கொல்கத்தா முதலாவதில் ஏழாவது, இரண்டாவதில் மூன்றாவது. எது எந்தக் கணக்கு என்று தலைப்பிலேயே இருப்பதால் அங்கே யாரும் குழம்புவதில்லை.

இதைவிடப் பொருத்தமான முறை ஒன்றும் இருக்கிறது. 2020 மார்ச்சில் ஐ.நா. புள்ளியியல் ஆணையம், நாடுகளை ஒப்பிட நகரமயமாதல் அளவு என்ற முறையை ஏற்றுக்கொண்டது. நிலத்தை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். கட்டத்துக்குக் குறைந்தது 1,500 பேர் வீதம் அடர்த்தியுள்ள கட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, மொத்தம் 50,000 பேராவது இருந்தால் அது நகர மையம். நகராட்சி எல்லை எங்கே ஓடுகிறது, அந்தக் காலத்தில் யாரை எங்கே குடிவைத்தார்கள் என்பதெல்லாம் இதில் வராது. மக்கள் நெருங்கி வாழ்கிறார்களா என்பது மட்டும்தான் கேள்வி. இந்த முறையில் கணக்கிட்ட 2025ஆம் ஆண்டு ஐ.நா. அறிக்கையில் உலகின் பெரிய நகரமாக ஜகார்த்தா ஏறக்குறைய 42 மில்லியனுடன் முதலிடம் பிடித்தது. 2018 அறிக்கையில் முதலில் நின்ற டோக்கியோ மூன்றாமிடத்துக்கு வந்தது. எல்லையை எப்படிப் போடுகிறோம் என்பது வரிசையையே மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

கணக்கெடுப்பு வட்டம் எனப்படும் சிறு பகுதி அளவிலான எண்ணிக்கையும் வரைபடங்களும் தங்கள் துறையிடமே இருக்கின்றன. அவற்றைக் கொண்டு தென்னாப்பிரிக்கா முழுவதற்கும் இப்படி ஒரு பட்டியல் போட முடியும். அதில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் போன்ற ஊர், வெருலத்துக்கும் அதற்கும் நடுவே கரும்பு வயல்கள் கிடப்பதால், டர்பனோடு சேராமல் தனியாக நிற்கக்கூடும். நிற்கட்டும். எங்கள் ஊருக்கு உயர்ந்த இடம் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. தரையில் இருப்பதுதான் தாளிலும் இருக்க வேண்டும்.

இதனால் எங்களுக்கு என்ன நஷ்டம் என்று தாங்கள் கேட்கலாம். எங்கள் தமிழ் வகுப்புக்குச் சிறிய நூலகம் அமைக்க ஒரு அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தோம். ஒரு லட்சம் மக்களுக்கு மேல் உள்ள நகரங்களுக்கே உதவி என்றார்கள். அவர்கள் கையில் இருந்தது மெட்ரோ பட்டியல். அதில் சாட்ஸ்வொர்த் இல்லை. எதெக்வினி என்று விண்ணப்பியுங்கள் என்றார்கள். அப்படி விண்ணப்பித்தபோது, எதெக்வினிக்கு ஏற்கெனவே நூலகங்கள் உண்டு என்று பதில் வந்தது. ம்புமலங்கா மாகாணத் தலைநகர் ம்பொம்பேலா (முன்பு நெல்ஸ்ப்ரூட்), 2011 ஊர்க் கணக்கில் 58,672 பேர். அதைப்போல மூன்று மடங்கு பெரிய எங்கள் ஊர், அந்த அலுவலரின் தாளில் ஊராகவே இல்லை. அவர்மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவரிடம் இருந்த பட்டியல் அப்படி.

ஆகவே தங்கள் துறை வெளியிடும் ஒவ்வொரு நகரத் தரவரிசையின் தலைப்பிலும் அது நகராட்சிக் கணக்கா, தொடர் குடியிருப்புப் பரப்புக் கணக்கா, ஊர்க் கணக்கா என்று குறிப்பிட வேண்டுகிறோம். மூன்றையும் ஒரே பக்கத்தில், ஒரே கணக்கெடுப்பு ஆண்டுக்கு, அருகருகே தர வேண்டுகிறோம். 2022 கணக்கெடுப்பின் ஊர் வாரி எண்களில் பிழை வரம்பு பெரிதாக இருந்தாலும், அந்த வரம்பைச் சொல்லி வெளியிடுங்கள். சாட்ஸ்வொர்த்தைப் பற்றிப் பேச நாங்கள் இன்னமும் 2011 எண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறோம். அதற்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் எங்கள் கண்ணில் படவில்லை. அப்புறம், அடுத்த கணக்கெடுப்புக்கு எல்லைகளை வகுக்கும்போது, குழுப் பகுதிகள் சட்டத்தின் காலத்து எல்லைகளை எங்கே தொடர வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அந்தந்த ஊர் மக்களிடம் ஒரு முறை கேளுங்கள். எல்லை நிர்ணய வாரியம் நகராட்சிக் கோடுகளுக்குப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. ஊர்க் கோடுகளுக்கும் அதே மரியாதை வேண்டும்.

தங்கள் துறையின் குவாசூலு-நடால் அலுவலர் ஒருவர் சாட்ஸ்வொர்த் வந்து, எங்கள் பகுதியின் கணக்கெடுப்பு வட்டங்கள் எப்படி வரையப்பட்டிருக்கின்றன என்று விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும். வரைபடம் வாசிக்கத் தெரிந்த மாணவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். அவர்களும் கூட உட்காருவார்கள். இந்த மனு கிடைத்ததற்கும், எடுக்கப்படும் முடிவுக்கும் எழுத்து மூலம் பதில் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
தமிழ் வகுப்புப் பெற்றோர்கள் சார்பில்.

இடம்: சாட்ஸ்வொர்த்
இணைப்பு: ஆங்கிலப் பிரதி, கையொப்பமிட்டோர் பட்டியல்