தங்கச்சிக்குக் கார் பார்க்கும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று காரையும் அப்பாவும் நானும் பார்த்தோம். இங்கே திருகோணமலையில் இருந்து கந்தளாய் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்வருகிற பிள்ளைக்கு எதற்குச் சுசுகி ஸ்விஃப்டின் வேகக்கார மொடலான ஸ்விஃப்ட் ஸ்போர்ட், மணிக்கு 70க்கு மேல் ஓட விடாத ரோட்டில் அவ்வளவு இழுவையை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று அவளிடமே கேட்டுப் பார்த்தேன். "பாதிக் காசு என்ரது, மிச்சம் அண்ணா தாறார், உங்களுக்கு என்னம்மா" என்றாள். சரி, வாங்கட்டும். ஆனால் நீ டொரொண்டோவில் இருந்துகொண்டு படத்தைப் பார்த்தே அட்வான்ஸ் போடப்போகிறாய் என்று அவள் சொன்னபிறகுதான் எழுத உட்கார்ந்தேன். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே வேறு கதைக்குப் போய்விடுவாய்.

அந்தச் சிவப்புக் கார் ஸ்போர்ட்டே இல்லை. பின்சில்லுப் படத்தைப் பெரிதாக்கிப் பார், உள்ளே டிரம் பிரேக் தெரிகிறது, ஸ்போர்ட்டுக்குப் பின்னாலும் டிஸ்க்தான். சாதாரண ஸ்விஃப்டுக்கு பம்பரும் இரண்டு சைலன்சர் குழாயும் போட்டு, பெயரையும் ஒட்டி விற்கிறார்கள். கராஜ் பில் மேசையில் இருந்தபடி இப்படி வந்த கார்களைக் கனக்கப் பார்த்திருக்கிறேன். காரின் உடம்பில் அடித்திருக்கிற செசி இலக்கம் பொய் சொல்லாது: 2005இல் வந்த மொடல் என்றால் இசட்சி31எஸ் என்று தொடங்கும், அதற்கு அடுத்தது 32, 2017இல் வந்த டேர்போக்காரன் 33. விற்கிறவரிடம் முதலில் அதைக் கேள், தரத் தயங்கினால் அந்தக் காரை விட்டுவிடு.

மஞ்சள் கார் உண்மையான 33தான், 1.4 லீற்றர் டேர்போ, ஓட்டம் நல்லாத்தான் இருக்கும். ஆனால் ஸ்பிரிங்கை மாற்றிக் காரின் உயரத்தைக் குறைத்துப் பதித்திருக்கிறார்கள், எயார் ஃபில்டரும் வேறு. இழுவையைக் கூட்ட எஞ்சின் கொம்பியூட்டரையும் கிண்டியிருப்பான், விற்கும்போது பழையபடி ஆக்கியிருப்பான் என்கிறார் அப்பா. அவர் எப்பவும் சொல்கிறதுதான்: இப்படிப்பட்ட காரில் காரைப் பார்க்காதே, வைத்திருந்தவனைப் பார். பதித்த காருக்கு முன்ரயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கும், வெளியே நின்று பார்க்கிற ஆளுக்குத் தெரியாது, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டுக் கையை உள்ளே விட்டுத் தடவவேண்டும். அதோடு 17 அங்குல றிம்மில் ஒட்டினமாதிரி மெல்லிய ரயர், ஒரு நல்ல குழியில் விழுந்தால் றிம்மே வளைந்துவிடும்.

எனக்குப் பிடித்தது வெள்ளை. இசட்சி32எஸ், 1.6 எஞ்சின், டேர்போ இல்லை, ஆறு கியர் மனுவல், எல்லாம் கொம்பனி போட்டபடியே இருக்கிறது. உனக்கு அது சப்பென்று தெரியும். விலை கேட்டு நீ துள்ளினாயாம். 2020இல் இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தானே திறந்தார்கள், அந்த ஐந்து வருடமும் உள்ள காரையே ஆளுக்காள் விற்று வாங்கி விலையை ஏற்றிவிட்டார்கள், பழசு என்றால் மலிவு என்ற உன் அங்கத்தைக் கணக்கு இங்கே எடுபடாது.

கார் கொழும்பில் நிற்கிறது. அப்பா வருகிற கிழமை பஸ்ஸில் போய்ப் பார்ப்பார். போகுமுன் விற்கிறவரிடம் சொல்லிவிடு, காலையில் ஸ்டார்ட் பண்ணி வைக்கவேண்டாம் என்று. பொனட்டைத் தொட்டால் குளிர்ந்திருக்கவேண்டும், சூடான எஞ்சினில் செயின் சத்தமும் புகையும் ஒளிந்துவிடும். பிறகு ஓட்டிப்பார்க்கும்போது நாலாம் கியரில் மெதுவாகப் போய் ஒரேயடியாக மிதிப்பார். ஆர்பிஎம் மட்டும் ஏறி கார் ஏறாவிட்டால் கிளச் முடிந்தது. இரண்டாம் கியர் விழும்போது கரகரத்தால் கியர்பொக்ஸைக் கழற்றவேண்டிவரும், அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம், இல்லாவிட்டால் எழும்பி வந்துவிடலாம். மீட்டரில் ஐம்பதாயிரம் காட்டி டிரைவர் சீற்றின் கதவுப்பக்கம் கிழிந்திருந்தால் மீட்டரை நம்பாதே.

களனி கங்கை பெருகின வருடங்களில் கொழும்பில் எத்தனை கார் வெள்ளத்தில் நின்றது என்று உனக்குத் தெரியும். சீற் பெல்ற்றைக் கடைசிவரை இழுத்தால் அடியில் சேற்றுக்கறை இருக்கும், அந்த இடத்தை ஒருவரும் கழுவுவதில்லை. துரு பார்க்க டிக்கியில் ஸ்பெயார் ரயரைத் தூக்கிவிட்டுப் பார்க்கவேணும். இங்கே கொண்டுவந்தால் எங்கள் உப்புக்காற்று மிச்சத்தைத் தின்னும், ஆகையால் துரு தொடங்கின காரைத் திருகோணமலைக்கு வாங்கவே கூடாது.

காரின் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கொம்பனி பெயர் இருந்தால் கடன் முடித்த கடிதம் இல்லாமல் ஒரு சதமும் போடாதே. ஃபுல் இன்சூரன்ஸ் தங்கச்சியே கட்டட்டும், பெற்றோலும் 95தான் அடிக்கவேணும், அந்தக் கணக்கை அவள் இப்பவே போட்டுப் பார்க்கட்டும்.

நாளைக்கே வெள்ளைக் காரின் செசி இலக்கத்தையும் புத்தகத்தின் படத்தையும் வாங்கி அனுப்பு. அப்பா பார்த்துவிட்டு உனக்குக் கோல் எடுப்பார், அதுவரைக்கும் காசு உன்னிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா