ஒரே கேமுக்கு எட்டு நகல் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கேம் சர்வர் நடத்தும் இளைஞர்கள் பலர், டிஸ்க் நிறைந்துவிட்டது என்று மாதாமாதம் கூடுதல் வாடகை கட்டுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது, ஏனென்றால் அந்தச் செலவு பெரும்பாலும் தேவையே இல்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 கேமின் சர்வரை ஸ்டீம்சிஎம்டி (ஸ்டீம் தளத்தின் கட்டளைவரிக் கருவி) மூலம் இறக்கினால் 30 ஜிபிக்கு மேல் பிடிக்கும். எட்டு சர்வர் என்றால் 240 ஜிபியைத் தாண்டும். ஆனால் மேப், எஞ்சின் கோப்புகள் எல்லாம் எட்டிலும் அச்சு அசல் ஒன்றுதான். வேறுபடுவது அமைப்புக் கோப்பு, பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்), லாக் (நடந்ததைப் பதியும் கோப்பு) மட்டுமே.

லினக்ஸில் இதற்கு வழி எப்போதோ வந்துவிட்டது. ஒரு கோப்புறையின் மேல் இன்னொன்றை அடுக்கி, இரண்டையும் ஒன்றாகக் காட்டும் ஓவர்லே எஃப்எஸ் 2014-இல், லினக்ஸின் மையமான கெர்னலின் 3.18 பதிப்பிலேயே சேர்ந்தது. முழு நகல் ஒன்றைக் கீழடுக்காக வைத்து, ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு சின்ன மேலடுக்கு கொடுத்தால் போதும். ஒரு சர்வர் எதையாவது திருத்தினால் அந்தக் கோப்பு மட்டும் அதன் மேலடுக்குக்கு நகலாகும், பக்கத்துச் சர்வருக்குத் தெரியவே தெரியாது. ஒரே கோப்புக்குப் பல பெயர் கொடுக்கும் ஹார்டு லிங்கிலும் இடம் மிச்சமாகும், சரி, ஆனால் கோப்பை அதே இடத்தில் திருத்தினால் எல்லாவற்றிலும் மாறிவிடும். ஒரு சர்வரின் பாஸ்வேர்டை மாற்றப்போய் எட்டிலும் மாறிப்போன அனுபவம் எனக்கு உண்டு.

அப்புறம் ஒன்று. அப்டேட் வரும்போது எல்லாச் சர்வரையும் நிறுத்தி, மவுண்டை (அடுக்குகளைச் சேர்த்து வைத்த இணைப்பை) எடுத்துவிட்டுத்தான் கீழடுக்கைத் தொட வேண்டும். மேலடுக்கில் பழைய கோப்பு தங்கியிருந்தால் புதியது மறைந்துவிடும், அதையும் கவனிக்க வேண்டும்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் இதைப் படிப்படியாக விளக்கி ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர்