அந்தப் பெண்கள் எங்கே?

ஐயா,

உழைக்கும் மக்களின் அன்றாட வாழ்வை உள்ளபடி காட்டும் பிரிட்டிஷ் சமூக யதார்த்த சினிமா பற்றி ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஆலைத் தொழிலாளியும் பறவை வளர்க்கும் சிறுவனும் பட நாயகர்களாக இடம்பெற்ற அதில், உழைக்கும் வர்க்கத்துப் பதின்பருவப் பெண் ஒருத்திகூட இல்லை. அவள் இந்த மரபில் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவள் அல்லள். 1961-இல் வெளிவந்த 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி' படத்தின் நாயகியே இங்கிலாந்தின் சால்ஃபோர்டைச் சேர்ந்த பள்ளி மாணவிதான். அதன் மூல நாடகம் 1958-இல் மேடையேறியபோது, எழுதிய ஷீலா டிலேனிக்கு வயது 19!

இயக்குநர் ஆண்ட்ரியா அர்னால்டின் 'ஃபிஷ் டேங்க்' (2009) பட நாயகி கேட்டி ஜார்விஸ் அதற்குமுன் நடித்தே இராதவர். ரயில் நிலையமொன்றில் காதலனோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தபோது படக்குழுவின் கண்ணில் பட்டவர். அப்படத்தை எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் திரையிட்டோம். எசெக்ஸ் வட்டார ஆங்கிலம் எங்களில் பலருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும், ஆளில்லாத வீட்டில் நாயகி தனியே ஆடிப் பழகும் காட்சி வந்ததும், பின்வரிசையில் அதுவரை பேசிக்கொண்டிருந்த கல்லூரி மாணவிகள் வாயடைத்துப் போனார்கள். இத்தகைய படங்களின் பெண்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன். லண்டன் பள்ளி மாணவிகளோடு பட்டறைகள் நடத்தி உருவாக்கப்பட்ட 'ராக்ஸ்' (2019) படத்திலிருந்தே அதைத் தொடங்கலாம்.

- வாசகி, காரைக்குடி