மாத்திரையோடு விவரமும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மகளிர் இணைப்பில், கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்ந்து வலி தரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய்க்குத் தரும் ஹார்மோன் மாத்திரைகளைப் பற்றி ஒரு வாசகி கேட்டதற்கு, "சிறு உபாதைகள் இருக்கும், பொறுத்துக்கொண்டால் பழகிவிடும்" என்று ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறீர்கள். என்னென்ன வரும் என்றுதானே அவர் கேட்டிருந்தார்?

பொறுத்துக்கொள் என்பதைத்தான் வயசுக்கு வந்த நாளிலிருந்து கேட்டுவருகிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தால், கல்யாணமானால் சரியாகும் என்றார்கள். ஆன பிறகு, ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகும் என்றார்கள். சினைப்பையில், இந்த நோயால் பழைய ரத்தம் தேங்கி உண்டாகும் சாக்லேட் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தபோது முப்பதைத் தாண்டியிருந்தேன். பிள்ளை பெறும் வயதில் பத்துப் பெண்களில் ஒருவருக்கு இந்த நோய் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் இணைப்பில் அதற்குக் கிடைத்தது கோலப் போட்டிக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவே ஒரு வரி.

சேலத்தில் ஒரு டாக்டர் தினம் 2 மில்லிகிராம் டையினோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை எழுதிக்கொடுத்தார். வலி குறைந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் உதிரம் நிற்காமல் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது. ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சேலை கறையாகிவிடுமோ என்று இருக்கை விளிம்பிலேயே உட்கார்ந்து வந்திருக்கிறேன். சீப்பு நிறைய முடி வந்தது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, காரணமில்லாத அழுகை. பால் பொங்கி அடுப்பில் வழிவதைப் பார்த்தபடி, அணைக்கத் தோன்றாமல் நின்றிருக்கிறேன். வீட்டில் அதைத் திமிர் என்றார்கள். மனச்சோர்வு இந்த மாத்திரையின் பக்கவிளைவுகளில் ஒன்று என்று டாக்டர் சொல்லவில்லை. மருந்துக் கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டு, விவரச் சீட்டைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டார். கேட்டு வாங்கினேன், பொடி எழுத்தில் முழுக்க ஆங்கிலம்.

என் தங்கைக்குக் கண்ணில் மின்னல் வெட்டிய பிறகு வரும் ஒற்றைத் தலைவலி உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை ஆகாது, பக்கவாத அபாயம் கூடும். அவளுக்கு அதை எழுதிக்கொடுத்த இடத்தில் தலைவலி உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த ஞாயிறு அதே இடத்தில், எந்தத் தொந்தரவு நாளடைவில் குறையும், எதற்கு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும் என்று தமிழில் போடுங்கள். ஒற்றைக் கால் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஆகியவை அதில் முதலில் வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஏற்காடு.