தாது உப்பு தயாரிப்பவர்களுக்கு: செம்பின் அளவை மூட்டையில் அச்சிடுங்கள்

ஆட்டுத் தீவனமும் தாது உப்புக் கலவையும் தயாரிப்போருக்கு வணக்கம்.

'செம்பு சேர்க்கப்பட்டது' என்று மட்டும் அச்சிட்ட மூட்டையால் ஆடு வளர்ப்பவருக்குப் பயனில்லை. கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம், ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு எத்தனை கிராம் கலவை என்பதுதான் அவருக்கு வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 1500 மி.கி. செம்புள்ள கலவையில் 10 கிராம் கொடுத்தால் 15 மி.கி. கிலோவுக்கு 30 மி.கி. உள்ள அடர்தீவனத்தை அரைக் கிலோ தின்றால் இன்னொரு 15. நக்குக் கட்டி, புழுவுக்குக் கொடுத்த காப்பர் ஆக்சைடு குளிகை, குளம்பு நனைக்க வைத்த மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் வாய் வைத்தது எல்லாம் இதற்கு மேல். தனித்தனியே ஒன்றும் பிழையில்லை. கூட்டிப் பார்க்கத்தான் கையில் எண் இல்லை.

அளவு மீறினால் செம்பு நஞ்சு, ஆனால் உடனே கொல்வதில்லை. மாதக்கணக்கில் கல்லீரலில் சேரும். அதுவரை ஆடு நன்றாக மேயும். இரத்தத்தில் செம்பைச் சோதித்தாலும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். கல்லீரல் நொதிகள்தான் முன்னதாக உயரக்கூடும். பிறகு நெடும்பயணமோ ஈற்றோ பட்டினியோ வந்தால் சேர்ந்ததெல்லாம் இரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கருஞ்சிவப்பாகும், கண்ணும் ஈறும் மஞ்சளிக்கும், ஓரிரு நாளில் ஆடு சாகும். அந்நிலையில் மருத்துவர் அம்மோனியம் மாலிப்டேட்டும் சோடியம் சல்பேட்டும் கொடுத்தாலும் பல பிழைப்பதில்லை.

செம்பின் எண் மட்டும் போதாது. மாலிப்டினமும் கந்தகமும் வயிற்றிலேயே செம்பைப் பிணைத்து உடலில் சேராமல் தடுப்பவை. அவை குறைந்த தீவனத்தில் சாதாரண அளவுச் செம்பே நஞ்சாகலாம். மிகுந்தால் செம்புக் குறைபாடு வரும், அதனாலும் சோகை பிடிக்கும். ஆகவே மூன்றின் அளவும் அச்சில் வேண்டும். செம்மறிக்குச் செம்பு இன்னும் குறைவாகவே தாங்கும்; வெள்ளாட்டுக் கலவையின் மேல் 'செம்மறிக்குக் கொடுக்காதீர்' என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

செலினியம் என்ற தாதுவில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறுகியது. மொத்தத் தீவனத்தில் கிலோவுக்கு 0.3 மி.கி. போதும், 5 மி.கி. தொடர்ந்து போனால் நஞ்சு. கலவை சீராகக் கலக்காவிட்டால் ஒரே மூட்டையில் ஓரிடத்தில் குறைவும் இன்னோரிடத்தில் நஞ்சளவும் இருக்கும்.

'வெளிறிய ஆட்டுக்கு' என்ற விளம்பரத்தையும் விட்டுவிடுங்கள். ஆடு வெளிறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுவை. கீழிமையைப் பிதுக்கி நிறம் பார்க்க வேண்டும், புழுக்கையில் முட்டை எண்ண வேண்டும், இரத்தத்தில் சிவப்பணுப் பங்கு 22 முதல் 38 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் தாது உப்பைக் கூட்டச் சொல்லாதீர்கள்.